சால்மன் சுட ஏற்ற வார்ப்பிரும்பு கிரில் சட்டி

நாகர்கோவில் பாத்திரக் கடையொன்றில் வாங்கிய இந்த வரிவரியான வார்ப்பிரும்புச் சட்டி, வீட்டு அடுப்பிலேயே சால்மன் சுடுவதற்கு மிகவும் ஏற்றது. குளச்சல் கடலில் கிடைக்காத, நார்வே போன்ற குளிர்நாடுகளிலிருந்து வரும் விலையுயர்ந்த மீன் என்பதால், அதைக் கருக்கிவிடாத பாத்திரம் அவசியம். சட்டியை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் தடவிய மீன் துண்டின் தோல்பக்கத்தை முதலில் வைத்தால், தோல் மொறுமொறுவென்றாகித் தானாகவே கழன்று வருகிறது. அவசரப்பட்டுப் புரட்டினால்தான் பிய்கிறது. மார்த்தாண்டம் தேன், சோயா சாஸ், இஞ்சி, பூண்டு கலந்த பூச்சைக் கடைசி இரண்டு நிமிடங்களில் மட்டுமே தடவ வேண்டும், ஏனெனில் தேனின் சர்க்கரை விரைவில் கருகிக் கசந்துவிடும். குடமிளகாயையும் வெங்காயத்தையும் முன்பே சுட்டு வைத்துக்கொள்ளலாம். மீனின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியசை எட்டியதும் இறக்கலாம். கைப்பிடியும் இரும்பே என்பதால் கரித்துணியின்றித் தொட முடியாது. கழுவித் துடைத்து எண்ணெய் பூசாவிட்டால், எங்கள் கடற்காற்றில் துரு ஏறிவிடுகிறது.