டிக் பட்டியலா, விளக்க அறிக்கையா? பெங்களூரில் வீட்டு ஆய்வுத் தொழிலைத் தொடங்குவோருக்கான ஓர் ஒப்பீடு

அடுக்குமாடி வீட்டின் சாவியை வாங்குவதற்கு முன், சுவர், தரை, குழாய், மின்சாரம் ஆகியவற்றை ஒருவரைக் கொண்டு பரிசோதித்து எழுத்தில் அறிக்கை பெறும் வழக்கம் பெங்களூரில் வேரூன்றிவிட்டது. சர்ஜாபூர் சாலையிலும் ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள், சொந்த மொழியில் பேசிப் புரியவைக்கும் ஆய்வாளரைத் தேடுகின்றன. சிவில் படித்துவிட்டு ஓசூர் வழியாக இந்நகரத்துக்கு வரும் இளம் பொறியாளர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. வீட்டில் குறைகளைக் கண்டுபிடிக்க அவர்கள் விரைவாகவே கற்றுக்கொள்கிறார்கள். கண்டதை எப்படி எழுதுவது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள்.

அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் உண்டு. இந்தியாவில் வீட்டு ஆய்வுக்கெனத் தனி உரிமமோ, அரசு வகுத்த அறிக்கைப் படிவமோ கிடையாது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உரிமம் பெற்ற ஆய்வாளர், அம்மாநில ஆணையத்தின் படிவத்தில்தான் எழுத வேண்டும். ஒவ்வோர் இனத்துக்கும் ‘ஆய்வு செய்யப்பட்டது’, ‘ஆய்வு செய்யப்படவில்லை’, ‘அப்பொருள் இங்கில்லை’, ‘குறை உள்ளது’ என்னும் பொருள்படும் நான்கு கட்டங்கள் அதில் இருக்கின்றன, குறை என்று குறித்தால் அதை விளக்கவும் வேண்டும். நமக்கு அத்தகைய கட்டாயம் இல்லாததால் இரண்டு வழக்கங்கள் அருகருகே வளர்ந்திருக்கின்றன. ஒன்று, பில்டர் அலுவலகங்களில் ‘ஸ்னாக் லிஸ்ட்’ என்று வழங்கும் பாணியில், நூற்றுக்கணக்கான வரிகளுக்கு எதிரே ‘சரி’ அல்லது ‘சரியில்லை’ என்று டிக் செய்து தருவது. மற்றொன்று, ஒவ்வொரு குறையையும் படத்துடன் சில வாக்கியங்களில் விளக்கி எழுதுவது.

எதைத் தேர்ந்தாலும், அறிக்கையை வாங்கியவர் மட்டும் படிக்கப்போவதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டம் (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் மத்தியச் சட்டம்), பிரிவு 14(3)இன்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ சேவை வசதிகளிலோ குறை இருப்பதாக வாங்கியவர் தெரியப்படுத்தினால், கட்டுநர் கூடுதல் கட்டணமின்றி 30 நாள்களுக்குள் அதைச் சரிசெய்து தர வேண்டும். நம் அறிக்கை பெரும்பாலும் அந்தத் தெரியப்படுத்தலுக்கு இணைப்பாகச் செல்கிறது. பில்டரின் ஒப்படைப்புக் குழு அதைப் படிக்கும், தகராறு முற்றினால் ரெரா ஆணையமும் படிக்கக்கூடும்.

டிக் பட்டியலின் பலம் முழுமை. ஒரு மூன்று படுக்கையறை வீட்டில் ஜன்னல் தாழ்ப்பாள், குழாய், மின்பொருத்தி, கதவுக் கீல் என்று பார்க்க வேண்டியவை ஏராளம். பட்டியல் கையில் இல்லாமல் நுழைபவர், பெரிய விரிசல் ஒன்றைக் கண்ட பரபரப்பில் சமையலறை சிங்க்கின் அடியில் ஒழுகும் இணைப்பைப் பார்க்காமல் வந்துவிடுவார். ஆனால் குறையை விவரிக்க வேண்டிய இடத்தில் அது கைவிட்டுவிடுகிறது. குளியலறையை எடுத்துக்கொள்வோம். ‘தரை வாட்டம்: சரியில்லை’ என்று பட்டியல் சொல்கிறது. ஒப்படைப்புக் குழுவிலிருந்து ஒருவர் வந்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுகிறார், பெரும்பகுதி வடிகாலுக்குள் போய்விடுகிறது, ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அதையே, ‘பொதுக் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது, கதவை ஒட்டிய இடது மூலையில் சுமார் ஒன்றரை அடி நீளத்துக்கு 4 மி.மீ. ஆழத்தில் நீர் தேங்கி நின்றது. அம்மூலை வடிகால் வாயைவிடத் தாழ்ந்திருக்கிறது’ என்று படத்துடன் எழுதினால், அந்த மூலை உயராமல் அவ்வரியை மூட முடியாது.

பட்டியலின் இன்னொரு குறை இதைவிட ஆபத்தானது. இங்கு புழங்கும் பல படிவங்களில் ‘பார்க்கவில்லை’ என்பதற்குக் கட்டமே இல்லை. ஒப்படைப்புக்கு முந்தைய வீடுகளில் மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் வராமல் இருப்பதும், மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் நிரந்தர இணைப்பு கிடைக்காமல் தற்காலிக மின்சாரத்தில் விளக்குகள் எரிவதும், ஃபால்ஸ் சீலிங் மூடப்பட்டுவிட்டதும் சாதாரணம். இவற்றால் பார்க்க முடியாமல் போனதைக் காலியாக விட்டால், வாங்குபவர் அதைச் ‘சரி’ என்றே படிப்பார். மாதத் தவணையாக இருபது ஆண்டுகள் கட்டப்போகும் ஒரு குடும்பத்துக்கு நாம் செய்யக்கூடிய பெரிய அநியாயம் இதுதான் என்று நான் கருதுகிறேன். எதைப் பார்க்கவில்லை, ஏன் பார்க்க முடியவில்லை என்பதற்கு அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இடம் வேண்டும்.

விளக்க அறிக்கைக்கும் நோய் உண்டு, அது நீளம். தொடக்கநிலை ஆய்வாளர் கதவுக் கீறலுக்கும் எர்த் இல்லாத மின்பொருத்திக்கும் ஒரே அளவு இடம் ஒதுக்கி, எழுபது பக்கம் எழுதுகிறார். அதில் உயிருக்கு ஆபத்தானது நாற்பதாம் பக்கத்தில் கிடக்கிறது. எனவே என் பரிந்துரை இரண்டும் சேர்ந்தது, ஆனால் சம பங்காக அன்று: பட்டியல், வீட்டுக்குள் நடக்கும்போது ஆய்வாளரின் கையில் இருக்கட்டும், அறிக்கையில் பின்னிணைப்பாக மட்டும் வரட்டும், குறைகள் அனைத்தும் இடம், அளவு, பார்த்த விதம் ஆகிய மூன்றுடன் விளக்கமாக எழுதப்படட்டும், பூச்சுக் கீறல், பெயின்ட் திட்டு போன்றவற்றை ஓர் அறைக்கு ஒரு வரியில் முடித்துவிடலாம்.

காரணத்தையும் எழுதுவதா, கண்டதோடு நிறுத்துவதா?

இந்தக் கேள்வி அதிகம் எழுவது விரிசல்களில்தான். கண்டதை மட்டும் எழுதுவோர், ‘ஹாலின் மேற்குச் சுவரில் செங்குத்து விரிசல்’ என்று முடித்துக்கொள்கிறார்கள். பாதுகாப்பான வழிதான், ஆனால் படிப்பவர் ஒன்று வீடே இடிந்துவிடும் என்று பயப்படுகிறார், இல்லையென்றால் எல்லா வீட்டிலும் இருப்பதுதானே என்று கடந்துவிடுகிறார். காரணத்தையும் எழுதுவோர் இந்தக் குறையைத் தீர்க்கிறார்கள் என்றாலும், உறுதியில்லாத இடத்திலும் உறுதியாக எழுதிச் சிக்கிக்கொள்கிறார்கள்.

வடிவத்தைக் கொண்டே ஓரளவு அடையாளம் காணக்கூடிய விரிசல்கள் சில உள்ளன. கான்கிரீட் தூணும் பிளாக் சுவரும் சேரும் கோட்டில் நேராக ஓடும் விரிசல், இரண்டு பொருள்களும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிவதால் வருவது. பூசுவதற்கு முன் அந்த இணைப்பில் கம்பி வலை வைக்காமல் விட்டிருந்தால் அது இன்னும் எளிதாகத் தோன்றும். வலைப்பின்னல் போல மெல்லியதாகப் பரவும் கோடுகள் பெரும்பாலும் பூச்சு காய்ந்து சுருங்கியதன் விளைவு. மேல்தளத்தில் கூரைத் தளத்தை ஒட்டிக் கிடையாக ஓடுவது, மொட்டை மாடி வெயிலில் விரிந்து இரவில் சுருங்குவதால் வரலாம். இவற்றுக்கு ‘பொதுவாக இக்காரணத்தால் வருவது’ என்ற சொற்களோடு காரணத்தை எழுதலாம், எழுத வேண்டும். மாறாக, ஒரு முனையில் அகன்று மறுமுனையில் குறுகி, படிக்கட்டு போலச் சாய்வாக ஏறும் விரிசலுக்கும், பீமிலோ தூணிலோ கம்பி ஓடும் திசையில் துருக்கறையுடன் தெரியும் விரிசலுக்கும் காரணம் எழுத நம்மைப் போன்ற ஆய்வாளருக்கு உரிமை இல்லை. அகலத்தையும் நீளத்தையும் அளந்து, அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்து, கட்டமைப்புப் பொறியாளர் பார்க்க வேண்டும் என்று எழுதி நிறுத்த வேண்டும்.

அகலம் பற்றி ஓர் எச்சரிக்கை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456:2000 நெறிமுறை, பொதுவான நிலையில் 0.3 மி.மீ., ஈரத்துக்கு உள்ளாகும் உறுப்புகளுக்கு 0.2 மி.மீ. என்று விரிசல் அகலத்துக்கு வரம்பு சொல்கிறது. அது கம்பி கட்டிய கான்கிரீட் உறுப்புகளுக்கு உரியது. அதைப் பூச்சு விரிசலுக்குப் பொருத்தி, ‘நெறிமுறை மீறப்பட்டுள்ளது’ என்று எழுதிய அறிக்கையைப் பில்டரின் பொறியாளர் ஒரே வரியில் தள்ளுபடி செய்துவிடுவார். அதோடு அதே அறிக்கையிலுள்ள நியாயமான புகார்களும் மதிப்பிழக்கும். ரீபவுண்ட் ஹேமரை (மேற்பரப்பில் மோதித் திரும்பும் அளவைக் கொண்டு வலிமையைக் கணிக்கும் கருவி) சுவரில் தட்டி கான்கிரீட்டின் வலிமையை எண்ணாக எழுதுவதும் இதே வகைப் பிழை. அக்கருவியின் கணிப்பு 25 சதவீதம் முன்பின்னாக இருக்கலாம் என்று அதற்கான இந்தியத் தரநிலையே கூறியிருக்கிறது.

ஓதத்தை அளக்க எந்தக் கருவி?

குளியலறைக்கு வெளிப்புறச் சுவரின் அடிப்பகுதி, ஜன்னலின் கீழ் மூலைகள், மேல் வீட்டுக் குளியலறைக்குக் கீழுள்ள கூரை ஆகியவை இந்நகரத்து அடுக்குமாடிகளில் ஓதம் வழக்கமாகத் தலைகாட்டும் இடங்கள். இதற்கு மாய்ஸ்சர் மீட்டர் வாங்குவதா, தெர்மல் கேமரா வாங்குவதா என்று புதியவர்கள் கேட்கிறார்கள். கேமராவின் படம் வாடிக்கையாளரின் கண்ணைக் கவர்கிறது. ஒரு சுவர் முழுவதையும் நொடியில் காட்டிவிடுகிறது. ஆனால் அது ஈரத்தைப் பார்ப்பதில்லை, மேற்பரப்பின் வெப்பநிலையை மட்டுமே பார்க்கிறது. ஈரம் ஆவியாகும் இடம் குளிர்ந்திருப்பதால் நீலத் திட்டாகத் தெரிகிறது. பெங்களூரின் மிதமான பருவத்தில் வெப்பநிலை வேறுபாடு குறைவாக இருக்கும் நேரங்களில் உண்மையான ஓதமும் தெரியாமல் போகலாம். மாலை வெயில் பட்ட மேற்குச் சுவரில் ஓதமே இல்லாத இடமும் சந்தேகம் கிளப்பலாம்.

மீட்டர் மெதுவானது, ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்க்க வேண்டும். ஊசி உள்ள வகை, உப்பு பூத்த சுவரில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். ஊசி இல்லாத வகை, பூச்சுக்குள் கம்பியோ உலோகக் குழாயோ இருந்தால் ஏமாறும். இரண்டிலும் காட்டும் சதவீதம் பெரும்பாலும் மரத்துக்காக அளவீடு செய்யப்பட்டது என்பதால், ‘சுவரில் 28 சதவீத ஈரம்’ என்று எழுதுவது தவறு. அதே சுவரில் உலர்ந்த இடத்தின் எண்ணையும் ஈரமான இடத்தின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். அந்த வேறுபாடுதான் சான்று. கையில் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், தயங்காமல் மீட்டரை வாங்குங்கள். கேமராவை வைத்திருப்பவரும் அதில் கண்டதை மீட்டரால் உறுதி செய்யாமல் எழுதக்கூடாது. பார்த்த தேதியையும் அண்மையில் மழை பெய்ததா என்பதையும் குறிப்பது கட்டாயம்: பிப்ரவரியில் உலர்ந்திருக்கும் ஜன்னல் மூலை, செப்டம்பர், அக்டோபர் மழையில் வேறு கதை சொல்லும்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். மூன்று விளக்கு எரியும் சாக்கெட் டெஸ்டர், இணைப்பு முறையை விரைவாகக் காட்டும். எர்த் எந்த அளவு நல்லது என்பதைக் காட்டாது. மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அந்தக் கருவி துண்டிக்கிறதா என்பது தெரியும்; எர்த் கம்பி உண்மையில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பது அதனாலும் தெரியாது. எனவே ‘எர்த்திங் நன்றாக உள்ளது’ என்ற வாக்கியத்தை, உரிய கருவியால் அளக்காமல் எழுத வேண்டாம்.

மதிப்பெண்ணா, மூன்று படிநிலையா?

வீட்டுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் தருவது வாங்குபவர்களுக்குப் பிடிக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. எர்த் இல்லாத கீசர் இணைப்பும் ஒட்டாத அலமாரிக் கதவும் ஒரே கூட்டலில் கரைந்து, 82 என்று ஓர் எண் வந்து நிற்கும்போது, அந்தக் குடும்பத்துக்கு ஆபத்து மறைக்கப்படுகிறது. ‘பயன்படுத்தும் முன் சரிசெய்ய வேண்டியவை’, ‘சாவி வாங்கும் முன் சரிசெய்ய வேண்டியவை’, ‘பின்னர் செய்துகொள்ளலாம்’ என்னும் மூன்று படிநிலைகளே போதும். நிறங்களால் மட்டும் இவற்றைப் பிரிக்காதீர்கள். பில்டர் அலுவலகத்தில் அறிக்கை கறுப்பு வெள்ளையில்தான் அச்சாகும்.

பரப்பளவைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். லேசர் கருவியால் அறை அறையாக அளந்து கூட்டினால் ஒப்பந்தத்தில் உள்ள கார்பெட் ஏரியாவைவிடக் குறைவாகத்தான் வரும், ஏனெனில் ரெரா சட்டத்தின் வரையறை வீட்டுக்குள் உள்ள தடுப்புச் சுவர்களின் தடிமனையும் சேர்த்தது. வெளிச்சுவர்களையும் குழாய் ஷாஃப்ட்டையும் பால்கனியையும் விலக்கியது. தடுப்புச் சுவர்களைச் சேர்க்காமல் ‘இத்தனை சதுர அடி குறைவு’ என்று எழுதினால், நாமே இல்லாத சண்டை ஒன்றைத் தொடங்கிவைத்தவர்களாவோம்.

மறு ஆய்வுக்குச் செல்லும்போது புதிய அறிக்கை எழுதுவது ஒரு வழக்கம், பழைய அறிக்கையிலேயே நிலையைக் குறிப்பது மற்றொன்று. இரண்டாவதே நல்லது: முதல் அறிக்கையில் 14ஆம் எண்ணில் இருந்த ஓதம், கடைசிவரை 14ஆம் எண்ணிலேயே இருக்க வேண்டும், தேதி வாரியாக அதன் கீழ்க் குறிப்புகள் சேர வேண்டும். சுவருக்குப் புதிதாகப் பட்டி தேய்த்துப் பெயின்ட் அடித்திருந்தால், ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதாமல், ‘மேற்பரப்பு மூடப்பட்டுள்ளது, மீட்டர் எண் முன்பு இவ்வளவு, இன்று இவ்வளவு, கசிவின் மூலம் சரிசெய்யப்பட்டதற்கான விவரம் பில்டரிடமிருந்து கிடைக்கவில்லை’ என்று எழுதுங்கள்.