எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கைப்பிடி போடப்போகிறீர்களா? கப்பை மூடும் முன் வெல்டிங் பற்றைப் பாருங்கள்

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்கள் வீடு. மாடிப்படிக்கு 42,000 ரூபாய் கொடுத்து எஸ்.எஸ். கைப்பிடி போட்டு 14 மாதம்தான் ஆகிறது. போன வாரம் துணி காயப்போட்டுவிட்டு இறங்கிய அம்மா, திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்ததும் தூண் அடியோடு விட்டு வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டது. பின்னாலேயே வந்த தங்கச்சி தோளைப் பிடித்து இழுத்தாள். இல்லையென்றால் நேராக சிமெண்ட் தரைதான். எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

பட்டறைக்காரரைக் கூப்பிட்டால், "கடல் காத்துண்ணா, துரு புடிக்கத்தான் செய்யும்" என்கிறார். முதலில் நானும் நம்பினேன். உடைந்த தூணின் அடியை மூடியிருக்கும் கப்பைத் தூக்கிப் பார்த்ததும் வயிறு எரிந்தது. குழாயைச் சுற்றி முழுசாக ஓட வேண்டிய பற்று, நாலே இடத்தில் புள்ளி வைத்த மாதிரி. அதையும் கிரைண்டரால் மழித்து மேலே சில்வர் பெயிண்ட். துரு ஓரத்தில் கொஞ்சம்தான். உடைந்த முகத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும் கறுப்புக் கசடும்.

எண்ணூரில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் வந்து பார்த்தார். "இன்னா ராடு போட்டான்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. ராடு என்றால் வெல்டிங்கில் உருகிப் பற்றாகும் கம்பி. போட்டது சாதா 6013 ரகம். இரும்புக்கும் இரும்புக்கும் அது சரி. எங்கள் குழாய் 304 ரக எஸ்.எஸ். அதில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். தூணின் அடித்தகடு வெறும் எம்.எஸ்., அதாவது சாதா இரும்பு. இரண்டையும் 6013 வைத்து உருக்கினால் குழாயிலிருந்து கொஞ்சம் குரோமியமும் நிக்கலும் பற்றுக்குள் கலந்து, அது எஸ்.எஸ்.ஸும் ஆகாமல் எம்.எஸ்.ஸும் ஆகாமல், ஆறும்போது கெட்டிப்பட்டு மொறுமொறுவென்று ஆகிவிடும். பாரம் வந்தால் வளையாது, விரிசல் விடும். எஸ்.எஸ்.ஸுக்கென்று விற்கும் 308 ராடும் இங்கே போதாது, எம்.எஸ். கலந்து அதன் சத்தைக் குறைத்துவிடும். இந்த ஜோடிக்கு 309எல் ராடுதான் வேண்டும். அதில் குரோமியம் 23, நிக்கல் 12 சதவீதத்தை ஒட்டி இருப்பதால் கலந்தாலும் தாங்கும். விலை 6013ஐவிடப் பல மடங்கு. அங்கேதான் கையை வைத்திருக்கிறார்கள்.

மீதி ஏழு தூண்களிலும் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, விரிசல் இருக்கிறதா என்று பார்க்க மாமா சிவப்புச் சாயம் அடித்தார். பத்து நிமிடம் விட்டுத் துடைத்து, வெள்ளை ஸ்பிரே அடித்ததும் ஐந்தில் தலைமுடி மாதிரி சிவப்புக் கோடு எழும்பி வந்தது. எத்தனை முறை குழந்தைகள் அதில் தொங்கியிருப்பார்கள்!

"இலவசமா மறுபடி பத்தவச்சுத் தரேன்" என்றார் பட்டறைக்காரர். விடவில்லை. விரிசல் விட்ட பற்றை முழுசாக அறுத்து எடுக்காமல் மேலேயே ஓட்டினால் விரிசல் உள்ளேயே இருக்கும்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ராடு பாக்கெட்டில் 309எல் என்று இருக்கிறதா பார்த்து போட்டோ எடுங்கள். கிரைண்டர் வைப்பதற்கு முன், கப்பை இறக்குவதற்கு முன், பற்று சுற்றி முழுசாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். குழாய் நல்ல எஸ்.எஸ்.தானா என்று பார்க்கக் காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள், மட்டமான 202 ரக எஸ்.எஸ்.ஸும் அதில் ஒட்டாது.

அறுத்தெடுத்த அடித்தகடுகள் எட்டும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. பக்கத்துத் தெருக்களில் வேலைக்குச் சொல்லியிருப்பவர்கள் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.