கறுப்பு கிரானைட் என்று சாயக் கல்லைத் தலையில் கட்டிவிட்டார்கள்: 26,780 ரூபாய் போச்சு

இப்போதுதான் அந்தக் கடைக்கு நாலாவது முறை போய்விட்டு வந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வீடு கட்டுகிறவர்கள் படியுங்கள்.

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் புது வீட்டுச் சமையல் மேடைக்குக் கல் தேடினோம். கடை பேர் வேண்டாம். பெங்களூர் ரோட்டோரம் கல் பலகைகளைச் சாய்த்து நிறுத்தியிருக்கும் குடோன்களில் ஒன்று. மற்ற இடங்களைவிட அடிக்கு 80 ரூபாய் குறைவாகச் சொன்னார்கள். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

கடைக்காரர் ஒரு பக்கெட் தண்ணீரை எடுத்துப் பலகை மேல் வீசினார். கண்ணாடி மாதிரி என் முகமே தெரிந்தது. "சுத்த ஜெட் பிளாக்குக்கா. உங்க பேரன் பேத்தி காலத்துக்கும் இப்படியே இருக்கும்" என்றார். என் வீட்டுக்காரர் அட்வான்ஸை நீட்டினால் வாங்கவே இல்லை. "காசு எங்க சார் ஓடிப்போகுது? கல்லு இறங்கட்டும், அப்புறம் குடுங்க" என்று கையைத் தள்ளிவிட்டார். அங்கேதான் விழுந்தோம். முன்பணமே வாங்காதவர் ஏமாற்றுவாரா என்று நான்தான் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

48 சதுர அடி, அடி 290 ரூபாய். விளிம்பு பாலிஷ், சிங்க் வெட்டு, வண்டி வாடகை, பதிக்கிற கூலி எல்லாம் சேர்த்து 26,780 ரூபாய். எஸ்டிமேட் என்று எழுதிய வெள்ளைத் தாளைத் தவிர பில் எதுவும் இல்லை.

இரண்டே மாதம். முள்ளுக் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்த அன்று குழம்பு கொஞ்சம் வழிந்தது. பாத்திரம் கழுவுகிற சோப்புப் போட்டுத் துடைத்தேன். ஈரம் காய்ந்ததும் அந்த இடம் சாம்பலாக வெளுத்திருந்தது. துடைத்த துணியில் கறுப்பு.

போன் செய்தால், "புளி பட்டா எந்தக் கல்லும் அப்படித்தான்கா" என்கிறார். அம்மா வீட்டில் கடப்பாக் கல் மேடை. அது சுண்ணாம்புக் கல், எலுமிச்சம்பழம் பட்டால் வெளுக்கும், சரி. கிரானைட்டைப் புளியும் எலுமிச்சையும் ஒன்றும் செய்யாது என்றுதானே இவ்வளவு காசு கொடுத்தோம்! அடுத்த முறை கேட்டபோது, பதித்த மேஸ்திரி ஆசிட் ஊற்றியிருப்பார் என்றார். அதற்கடுத்து, ஓனர் கிருஷ்ணகிரிக்கு லோடு எடுக்கப் போயிருக்கிறார், வந்ததும் பேசுவார். போட்டோ அனுப்பினேன். பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது, பதில் மட்டும் இல்லை.

தெருக்கோடியில் வீடு கட்டும் மேஸ்திரியைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் மேடையைப் பார்க்கவே இல்லை. நேராகக் குனிந்து சிங்க்குக்கு அடியில் டார்ச் அடித்தார். வெட்டிய ஓட்டையின் அடிப்பக்கம் பாலிஷ் படாமல் அப்படியே இருந்தது. சிமெண்டு நிறம். மேலே கறுப்பு, கீழே சாம்பல். "சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏத்தி பாலிஷ் போட்டிருக்காங்கம்மா" என்றார். என் பெண்ணின் நகப்பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தோம். பஞ்சு மை தொட்ட மாதிரி ஆகிவிட்டது. பெயர்த்து வேறு கல் போடலாம் என்றால் சுவர் டைல்ஸ் உடையும், அது தனிச் செலவு.

இன்று அந்தப் பஞ்சைக் கொண்டுபோய் மேசை மேல் வைத்தேன். "பில் இருக்காக்கா?" என்று சிரித்தபடி கேட்டார் பாருங்கள், அந்த 26,780 ரூபாயைவிட அதுதான் எரிகிறது.

கல் தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். தண்ணீர் ஊற்றிக் காட்டினால் மயங்காதீர்கள், காய்ந்த கல்லைப் பாருங்கள். அடிப்பக்கத்தையும் வெட்டு முனையையும் பாருங்கள். நகப்பாலிஷ் ரிமூவரும் வெள்ளைப் பஞ்சும் கையோடு கொண்டுபோங்கள், தேய்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வண்டியில் ஏற்ற விடாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நாளைக் காலை கூப்பிடப் போகிறேன். அந்த வெள்ளைத் தாளை எங்கே வைத்தேன் என்றுதான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.