டெல்லிக் குளிர், இரண்டு வாண்டுகள்: எந்த ஹீட்டர், எந்தப் போர்வை, எந்த எண்ணெய்?

சென்னையிலிருந்து டிசம்பரில் யார் போன் செய்தாலும், "அங்கே பனி கொட்டுதாமே?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். டெல்லியில் பனி கொட்டாது. கொட்டினாலாவது பிள்ளைகள் உருட்டி விளையாடுவார்கள். இங்கே குளிர் நேராக வீட்டுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். வீடுகளெல்லாம் மே மாத வெயிலை நினைத்துக் கட்டியவை: சில்லென்ற தரை, சரியாக மூடாத ஜன்னல். வெளியே வெயில் அடிக்கும் மதியத்திலும் உள்ளே ஸ்வெட்டரோடுதான் வெங்காயம் நறுக்க வேண்டும். ஜனவரி இரவுகளில் 7, 8 டிகிரி சகஜம். மூடுபனி பிடித்துக்கொண்டால் பகலும் கைவிட்டுவிடும். 2019 டிசம்பர் 30 அன்று டெல்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான பகல்நேர உச்சமே 9.4 டிகிரிதான்.

மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்கள் நவம்பரிலேயே கேட்க ஆரம்பித்துவிடும்: எந்த ஹீட்டர் வாங்கலாம், ரஜாயா (பஞ்சு அடைத்த தடித்த போர்வை) கம்பளியா, குழந்தையைத் தினமும் குளிப்பாட்டலாமா? கடைக்காரர் வாட் கணக்கு சொல்வார், மாமனார் விலைக் கணக்கு சொல்வார். ஐந்து வயதுக்குட்பட்ட வாண்டு ஒன்று வீட்டில் இருந்தால் இரண்டும் உதவாது. அந்தப் பொருள் குளிரை என்ன செய்யும் என்பது அப்புறம். வாண்டு அந்தப் பொருளை என்ன செய்யும் என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் வீட்டில் நாலு வயதில் ஒருத்தி, இரண்டு வயதில் ஒருவன். கீழே வரும் தீர்ப்பெல்லாம் அவர்களை வைத்துச் சொன்னதுதான்.

ஹீட்டர்: ராட், பிளோவர், ஆயில், ஏசி

முதலில் ஒரு புரளியைத் தீர்த்துவிடலாம். "இது கரண்ட் கம்மியா இழுக்கும், அதே சூடு தரும்" என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ராட், பிளோவர், ஆயில் மூன்றுமே கம்பியில் மின்சாரத்தை ஓடவிட்டுச் சூடாக்குகிறவை. ஒரு யூனிட் போட்டால் ஒரு யூனிட் சூடுதான் வரும், எந்தக் கம்பெனியாக இருந்தாலும். அந்தச் சூடு எங்கே போகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, யார் கைக்கு எட்டுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

ராட் ஹீட்டர் மலிவு. 400 வாட் ராட் இரண்டு இருக்கும். ஸ்விட்ச் போட்ட நிமிடமே சிவந்து நிற்கும். எதிரே இருப்பதை மட்டும் சுடுவதால் முகம் வேகும், முதுகு விறைக்கும். தனியாக மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு இது போதும். ஆனால் இரண்டு வயதுக்காரனுக்குச் சிவப்பாக ஒளிரும் எதுவும் தொட்டுப் பார்க்க வேண்டிய சமாசாரம். முன்பக்கக் கம்பி வலையில் பெரியவர் கை போகாது. சின்ன விரலும் க்ரேயானும் தாராளமாகப் போகும். சாய்ந்தால் தானே அணைந்துவிடும் மாடல்கள் உண்டு. இருந்தும் அது ரஜாய் பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே தூங்க முடியாது. குழந்தை இருக்கும் அறையில் இதற்கு இடமில்லை.

பிளோவர் அவசரக்காரன். 2000 வாட்டில் வைத்தால் சின்ன அறை பத்தே நிமிடத்தில் கதகதப்பாகிவிடும், அணைத்த பத்தாவது நிமிடம் பழையபடி ஜில்லிட்டுவிடும். சத்தம் வேறு. சில குழந்தைகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்குவார்கள், அது தனி ரகம். என் மகள் அதன் முன்னால் நின்று வாயைத் திறந்து "ஆஆஆ" என்று கத்துவாள், குரல் நடுங்கி வருவது பிடிக்கும். சூடான காற்று நேராக மூஞ்சியில் அடித்தால் மூக்கு உலர்ந்து, பொருக்குத் தட்டி, நோண்டினால் ரத்தம் வரும். அதனால் ராத்திரி முழுக்க ஓடவிடும் பொருளல்ல இது. குளிப்பாட்டி, துடைத்து, உடுப்பு மாட்டும் அந்தக் கால் மணிநேரத்துக்கு இதை அடிக்க ஆளில்லை. ஆனால் பாத்ரூமுக்குள் கொண்டுபோகக் கூடாது, ஈரக்கையோடு தொடக் கூடாது. குளியலுக்கு முன்பே படுக்கையறையில் போட்டுவிட்டு, குழந்தையைத் துண்டில் சுருட்டி அங்கே தூக்கி வருவதுதான் சரி.

ஆயில் ஹீட்டருக்கு விலை அதிகம். 9 ஃபின் (செங்குத்தான தகடு), 11 ஃபின், 13 ஃபின் என்று வரும். உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதில்லை, ஊற்றவும் வேண்டாம். சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள மட்டும்தான் அது. அறை சூடேற அரைமணிகூட ஆகும். அதனால் எட்டரைக்குத் தூங்கவைக்க வேண்டுமென்றால் எட்டுக்கே போட்டாக வேண்டும். ஆனால் அணைத்த பிறகும் வெகுநேரம் கதகதப்பு இருக்கும். சிவப்பு இல்லை, சத்தம் இல்லை, விரல் போக ஓட்டை இல்லை. சீக்கிரம் கவிழாத கனம். மேல்பக்கம் நன்றாகச் சுடும், தொட்டால் கை பின்வாங்கும். குழந்தை ஒரு தடவை கிட்டே போனாலே புரிந்துகொள்ளும் சூடு. ஆனாலும் சுற்றி ஒரு தடுப்பு வைப்பது நல்லது.

தெர்மோஸ்டாட் இருப்பதால் அறை போதுமான அளவு சூடானதும் "டக்" என்று அணையும், அப்புறம் தானே எழும். முதல்நாள் மகள் இருட்டில் கேட்டாள்: "அம்மா, ஹீட்டர் தூங்கிடுச்சா?" ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "டக்". "அதுக்கு உச்சா வந்துடுச்சு போல" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் அதற்கு அந்த மரியாதைதான்.

இதன் பெரிய ஆபத்து வாண்டிடமிருந்து வருவதில்லை, நம்மிடமிருந்துதான் வருகிறது. காயாத சாக்ஸையும் பனியனையும் அதன்மேல் போட்டு உலர்த்தத் தோன்றும். போடாதீர்கள். இன்னொன்று, 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். செல்போன் சார்ஜர் செருகும் சின்ன பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ போட்டால் வயர் உருகும். ஏசிக்கு வைத்திருக்கும் பெரிய பிளக்கில்தான் செருக வேண்டும்.

ஹாட் அண்ட் கோல்ட் ஏசி வைத்திருப்பவர்களுக்குக் கரண்ட் கணக்கில் அதுதான் லாபம். வெளியிலிருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்து வருவதால், ஒரு யூனிட்டுக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட பங்கு சூடு தரும். சிக்கல் அது மாட்டியிருக்கும் இடத்தில். சூடான காற்று மேலேயே நிற்கும். நாலடி உயரத்தில் நாம் சொக்கிப்போய் நிற்போம், தரையில் பொம்மைக் கார் ஓட்டுகிறவனுக்குக் கால் ஜில்லென்றே இருக்கும். மெத்தைமேல் தூங்குகிற குழந்தைக்குச் சரி, தரையில் விளையாடுகிற குழந்தைக்குப் பாதிதான் சரி. வாடகை வீட்டில் பழைய ஏசியைக் கழற்றி இதை மாட்ட ஹவுஸ் ஓனர் சம்மதிப்பாரா என்பது வேறு கதை.

கரண்ட் பில்லையும் பார்த்துவிடலாம். டெல்லியில் 2019-ல் வந்த திட்டப்படி (2022 அக்டோபரிலிருந்து விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும்) மாதம் 200 யூனிட் வரை வீட்டுக்குப் பில் பூஜ்யம், 201 முதல் 400 வரை சலுகை, அதைத் தாண்டினால் முழுக் கட்டணம். ஏசி ஓடாத குளிர்காலத்தில் பல வீடுகள் 200-க்குள் அடங்கிவிடும். 2000 வாட் ஹீட்டர் இரவுக்கு 4 மணிநேரம் விடாமல் ஓடினால் மாதம் 240 யூனிட், அதாவது ஹீட்டர் ஒன்றே அந்தப் பூஜ்யக் கோட்டைத் தாண்டவைத்துவிடும். தெர்மோஸ்டாட் அணைத்து அணைத்துப் போடுவதால் ஆயில் ஹீட்டரில் நிஜக் கணக்கு இதைவிடக் குறையும். கதவிடுக்கில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி வைத்தால் இன்னும் குறையும். ராட், பிளோவரில் பெரும்பாலும் இந்தத் தெர்மோஸ்டாட் வசதி சரியாக இருக்காது.

அங்கீட்டியை (கரி அடுப்பு) இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. மூடிய அறையில் கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் கிடையாது, புகையும் தெரியாது. ஒவ்வொரு குளிர்காலமும் டெல்லிப் பத்திரிகைகளில் அந்தச் செய்தி வருகிறது. வாட்ச்மேன் வெளியே மூட்டினால் குளிர் காய்ந்துவிட்டு வாருங்கள், உள்ளே மட்டும் வேண்டாம்.

போர்வை

பஞ்சு ரஜாய்க்கு நிகர் கிடையாது, பெரியவர்களுக்கு. பஞ்சு கட்டி தட்டினால் பிரித்து அடித்துத் தைத்துக்கொள்ளலாம். ஆனால் கனம். இரண்டு வயதுக் குழந்தைமேல் போட்டால் ஆளே காணாமல் போய்விடும், ராத்திரி பன்னிரண்டுக்கு உதைத்துத் தள்ளிவிட்டுக் குறுக்கே படுத்திருக்கும். ஜெய்ப்பூரி ரஜாய் எடை குறைவு, அதையும் உதைக்கும். பானிப்பட் மிங்க் கம்பளி வழவழவென்று இருக்கும், தரைக்கு வழுக்கிக்கொண்டு போகும். எதைப் போர்த்தினாலும் ராத்திரி எழுந்து எழுந்து மறுபடி போர்த்துவது நம் வேலையாகிவிடும்.

எனவே போர்வைகளுக்குள் போட்டி நடத்துவதே வீண். குழந்தைக்கு உள்ளே ஒரு வார்மர் (கதகதப்பான உள்ளாடை), மேலே பாதம் மூடிய ஃப்ளீஸ் ஸ்லீப்பிங் சூட், அதற்கு மேல் லேசான ஒன்று. உதைத்துத் தள்ளினாலும் உடம்பில் சூடு இருக்கும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ரஜாய் அறவே வேண்டாம், முகத்தை மூடிவிடும் அபாயம் உண்டு என்று குழந்தை மருத்துவர்களே சொல்கிறார்கள். தூங்கும்போது குல்லாவும் வேண்டாம். ஊரிலிருந்து வரும் பாட்டி மங்கி குல்லாவோடுதான் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலிருந்து இறங்குவார். அதை வெளியே போகும்போது மாட்டிவிட்டால் இருவருக்கும் சந்தோஷம். கழுத்துக்குப் பின்னால் கைவைத்துப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றலாம். கை கால் ஜில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

எண்ணெயும் குளியலும்

இங்கே இரண்டு கட்சி. எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டிக்குத் தினமும் குளிப்பாட்டுவதே ஒரு குற்றம். "தண்ட் லக் ஜாயேகி, பேட்டா" (குளிர் பிடிச்சுக்கும், கண்ணு) என்று படியில் பார்க்கும்போதெல்லாம் கண்டிப்பார். என் மாமியாருக்குக் குளிக்காத குழந்தைக்குச் சோறு ஊட்டவே மனசு வராது. மூடுபனி நாளில் ஆன்ட்டி பக்கம், வெயில் நாளில் மாமியார் பக்கம் என்பது என் தீர்ப்பு. சூடு துணியில் துடைத்து உடுப்பு மாற்றினாலே மூடுபனி நாளுக்குப் போதும். குளிப்பாட்டுவதானாலும் ஸ்கூலுக்குக் கிளம்பும் காலையில் வேண்டாம். திரும்பி வந்தபின் மதியம்தான் நல்ல நேரம். பக்கெட்டில் தொங்கவிடும் வாட்டர் ராட் வேண்டவே வேண்டாம், கீசர்தான். காரணம் சொல்லத் தேவையில்லை, உங்கள் இரண்டு வயதுக்காரன் எதையெல்லாம் பக்கெட்டில் போடுகிறான் என்று பாருங்கள்.

எண்ணெய் விஷயத்தில் தேங்காய் எண்ணெய் முதலிலேயே தோற்றுவிடும். 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும், டெல்லி அலமாரியில் மூன்று மாதம் மெழுகாகவே நிற்கும். ஆன்ட்டியின் ஓமம், பூண்டு போட்டுக் காய்ச்சிய கடுகெண்ணெய் எந்தக் குளிரிலும் ஓடும். ஆனால் நெடி தூக்கும், சில குழந்தைகளுக்குத் தோல் எரியும். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு அறையை விட்டே ஓடிவிட்டாள். நல்லெண்ணெய் உறையாது, நெடியும் கம்மி, ஆர்.கே.புரம், கரோல் பாக் பக்கத் தமிழ்க் கடைகளில் கிடைக்கும். கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும். இதில் மாமியாருக்கே வெற்றி.

இட்லி மாவுக்கும் இதே குளிர்

குழந்தைகளுக்குக் காலையில் இட்லி வேண்டும், மாவோ பொங்க மாட்டேன் என்று நிற்கும். 12, 13 டிகிரி அடுப்படியில் ராத்திரி வைத்த மாவு காலையில் அப்படியே இருக்கும். அரிசி டப்பாவுக்குள் கம்பளி சுற்றி வைப்பது பாதி பலன். ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைப்பது நம்பகம். ஆயில் ஹீட்டர் ஓடும் அறையின் மூலையில் வைப்பது எல்லாவற்றையும் விடச் சுலபம், கூடுதல் கரண்டும் கிடையாது. ஆனால் காலையில் எழும் முதல் ஆள் நாம்தான் என்ற உத்தரவாதம் வேண்டும். மாவுப் பாத்திரத்துக்குச் சால்வை சுற்றியதைப் பார்த்து, "அது மட்டும் ஏன் உதைச்சுத் தள்ளல?" என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

வெயில்

மொட்டைமாடியா பார்க்கா என்றால் பதினோரு மணி முதல் இரண்டரை வரை மொட்டைமாடிதான். காலை ஏழு மணி பார்க் நடை குழந்தைகளுக்கு வேண்டாம். குளிர்காலத்தில் காலையில் காற்றின் மாசு தரைக்குப் பக்கத்திலேயே தேங்கி நிற்கும். வெயில் ஏறிய பிறகு கொஞ்சம் கலையும். வேர்க்கடலை உரித்துக்கொண்டு, கஜக்கை (எள்ளும் வெல்லமும் சேர்த்த மிட்டாய்) கடித்துக்கொண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருக்கலாம், குழந்தைகள் தாமாகவே ஜாக்கெட்டைக் கழற்றி வீசுவார்கள்.

ஆனால் மொட்டைமாடி எல்லா அபார்ட்மென்டிலும் கிடைக்காது. அடுத்த வாடகை வீடு தேடும்போது பால்கனி எந்தத் திசை என்று பாருங்கள். டிசம்பரில் டெல்லியின் நண்பகல் சூரியன் தெற்கில் சுமார் 38 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், தெற்குப் பால்கனி வழியாக வெயில் ஹால் பாதி வரை வந்துவிடும். ஜூனில் அதே சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர்மேலே போய்விடுவதால் அந்தப் பால்கனி கோடையில் பெரிதாகத் தொல்லை தராது. வடக்குப் பால்கனி வீட்டில் குளிர்காலம் முழுக்க அந்த வெயில் கிடைக்காது. புரோக்கர் "பார்க் ஃபேசிங், ரெண்டாயிரம் கூட" என்பார். தெற்குப் பக்கம் என்றால் அந்த ரெண்டாயிரத்தைக் கொடுக்கலாம். வடக்கு என்றால் பேரம் பேசுங்கள்.