குடிலா, மரமா: எது எங்கிருந்து வந்தது?

இயேசு பிறந்த காட்சியைக் காட்டும் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பிறந்த ஊரும் ஆண்டும் உண்டு: இத்தாலியின் கிரெச்சோ மலைக்கிராமம், 1223. அசிசி நகர் புனித பிரான்சிஸ் அங்கே தீவனத் தொட்டியில் வைக்கோல் நிரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, திருப்பலியும் (கத்தோலிக்க வழிபாடு) நடக்கச் செய்தார். சுரூபங்கள் (சிலைகள்) வைக்கும் வழக்கம் பிறகு பரவியதுதான். இத்தனைக்கும் இயேசுவின் பிறப்பைச் சொல்லும் நற்செய்திப் பகுதிகளில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை!

கிறிஸ்துமஸ் மரத்துக்கு அப்படி ஒருவரைக் கைகாட்ட முடியாது. இன்று பிரான்சில் உள்ள ஸ்ட்ராஸ்பர்க் நகர வீடுகளில் காகித ரோஜாவும் ஆப்பிளும் தொங்கிய மரங்களை 1605-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. விக்டோரியா அரசி குடும்பத்தோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-இல் லண்டன் இதழொன்றில் வெளியான பின் இந்த வழக்கம் இங்கிலாந்தில் வேகமாகப் பரவியது.

அழகில் மரம் முந்தலாம். ஏழைத் தாயின் பிள்ளைப்பேற்றை ஊரார் கண்முன் நிறுத்தியது குடில்தான். என் ஓட்டு அதற்கே.