தூத்துக்குடி கஸ்டம்ஸுக்கு பேப்பர் குடுக்க செல்ஃப் அட்டஸ்டா, நோட்டரியா?

நெல்லைல இருந்து தூத்துக்குடி துறைமுகம் வழியா சரக்கு இறக்குற தம்பிமாரு இதைத்தான் அடிக்கடி கேக்காவ, அதான் எழுதுதேன்.

செலவு: செல்ஃப் அட்டஸ்ட்னா, அதாவது காப்பில நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுக்கதுன்னா, ஜெராக்ஸ் காசுதான். நோட்டரின்னா, அதாவது அரசு நியமிச்ச வக்கீல் முன்னாடி சத்தியம் பண்ணி சீல் வாங்குத அஃபிடவிட்னா (சத்தியப் பத்திரம்), முத்திரைத்தாள், டைப்பிங், வக்கீல் ஃபீஸ்னு போவும்.

அலைச்சல்: முதலாவது வீட்டுலயே முடிஞ்சிரும். ரெண்டாவதுக்கு பாளையங்கோட்டை கோர்ட் பக்கம் ஒரிஜினலோட நேர்ல போணும், வீட்டுலயே கையெழுத்தப் போட்டுட்டு வேற ஆள்கிட்ட குடுத்து விடாதீங்க, நோட்டரி முன்னாடி சத்தியம் பண்ணி போடுத கையெழுத்துக்குத்தான் மதிப்பு. சீல், தேதி, ரிஜிஸ்டர் நம்பர் மூணும் இருக்கான்னு அங்கயே பாத்துருங்க, அடிச்சு திருத்துன இடத்துல எல்லாம் சின்ன கையெழுத்து வேணும்.

பலம்: இங்கதான் நிறைய பேரு தப்பா நெனைக்காவ. நோட்டரி சீல் விழுந்துட்டா உள்ள எழுதுனது உண்மைன்னு ஆயிராது அண்ணாச்சி, நீங்கதான் வந்து சத்தியம் பண்ணுனீங்கங்கிறதுக்குத்தான் அது சாட்சி. தெரிஞ்சே பொய் எழுதுனா 1962 சுங்கச் சட்டம் 132-வது பிரிவுல 2 வருஷம் வரை ஜெயில் இருக்கு, அதுக்கு வெறும் கையெழுத்தும் ஒண்ணுதான், சீல் வச்சதும் ஒண்ணுதான். 108-வது பிரிவுல கெசட்டட் அதிகாரி சம்மன் அனுப்பி நேர்லயும் விசாரிக்கலாம்.

ஆதார், பான், இன்வாய்ஸ் காப்பிக்கெல்லாம் செல்ஃப் அட்டஸ்ட் போதும்னா அதையே குடுங்க, வீணா காச கரைக்காதீங்க. ஒரிஜினல் தொலைஞ்சு போச்சு, பேருல எழுத்து மாறிருக்குன்னு அஃபிடவிட் கேட்டா மட்டும் நோட்டரிகிட்ட போங்க. எது வேணும்னு உங்களுக்காக கஸ்டம்ஸ் வேலையப் பாக்குத புரோக்கர்கிட்ட முந்தியே கேட்டுக்கிடுங்க, சரக்கு வந்தப்புறம் ஓடுனா டெமரேஜ் (சரக்கு துறைமுகத்துல தங்குத கட்டணம்) ஏறிரும்.