பழைய இண்டிகோ மரினாவுக்குக் கூடுதல் ஸ்பீக்கர்: ஜிபி ரோட்டில் செய்த வேலை எப்படி?

பழைய ஸ்டேஷன் வேகனில் கூடுதல் ஸ்பீக்கர் போடலாமா, காசு வீணாகுமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போடலாம். ஆனால் ஸ்பீக்கரை மட்டும் வாங்கி மாட்டினால் அந்தக் காசு நிச்சயம் வீண்தான். ஆம்ப்ளிஃபயர், கதவுக்குள் ஒட்டும், அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட், பொறுமையாக வேலை செய்கிற ஃபிட்டர், இந்த மூன்றும் அமைந்தால் பத்துப் பதினைந்து வயது தாண்டிய வண்டியிலும் உட்கார்ந்து கேட்கும்படி சங்கீதம் வரும். என் வண்டியில் வருகிறது.

வண்டி டாடா இண்டிகோ மரினா, 2006 மாடல், 1.4 லிட்டர் டீசல். இந்தியாவில் ஸ்டேஷன் வேகனுக்கு என்றுமே பெரிய வரவேற்பு இருந்ததில்லை. டாடா எஸ்டேட், மாருதியின் பலேனோ அல்டூரா, ஓப்பல் கோர்சா ஸ்விங் என்று வந்ததெல்லாம் கொஞ்ச காலத்தில் போய்விட்டன. 2004-ல் வந்த மரினாவுக்கும் அதே கதிதான். நான் இன்னும் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வீணை. நான் வீணை சொல்லிக்கொடுக்கிறேன். பின் சீட்டை மடக்காமலே, பின்பக்கத்து இடத்தில் மூலைக்கு மூலை வீணையைப் படுக்கவைத்துவிடலாம். பின் சீட்டில் மாணவிகள் உட்காரலாம். டிக்கி வைத்த காரில் இது நடக்காது. 15 வருடம் முடிந்ததும் ஆர்சியை 5 வருடத்துக்குப் புதுப்பித்தபோதே, இந்த வண்டியை விற்கப்போவதில்லை என்று முடிவாகிவிட்டது.

பிரச்சினை என்னவென்றால், பாட்டு முன் கதவுகளிலிருந்து மட்டுமே வந்தது. கச்சேரிக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்குப் பழைய பதிவுகளைப் போட்டுக் காட்டுவது என் வழக்கம். டீசல் இன்ஜின் சத்தத்தில் பின்னால் இருப்பவர்களுக்கு ஆலாபனை காதில் விழாது. அவர்களுக்காகச் சத்தம் கூட்டினால் எனக்குக் காது வலிக்கும். அதைவிட எனக்குப் பெரிய குறை, கீழ்ஸ்தாயி காணாமல் போவது. நான் நாலு கட்டையில் சுருதி சேர்க்கிறேன். அந்தச் சுருதியில் முதல் தந்தியான சாரணியின் ஷட்ஜம் சுமார் 175 ஹெர்ட்ஸ், எல்லாவற்றிலும் தாழ்ந்த அனுமந்தரத் தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸ். சாதாரண கதவு ஸ்பீக்கரில் 65 ஹெர்ட்ஸ் ஏதோ பேருக்கு வரும், அதையும் இன்ஜின் உறுமல் விழுங்கிவிடும். மிருதங்கத்தின் தொப்பிக்கும், அதாவது கனமாக ஒலிக்கும் இடப்பக்கத்துக்கும், இதே கதிதான். வலப்பக்கமான வலந்தலை மட்டும் டக் டக் என்று கேட்கும்.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கேட்டேன். பெயர் வேண்டாம். “பின் கதவுல ஒரு செட் போட்டுடலாம் மேடம், சவுண்டு அள்ளும்” என்றார்கள். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. முன் ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரிலிருந்தே கிளை பிரித்துப் பின் ஸ்பீக்கருக்கும் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரின் மின்தடையும் 4 ஓம். இரண்டை இப்படி இணையாகச் சேர்த்தால் செட்டுக்கு, அதாவது பாட்டுப் போடும் ஸ்டீரியோவுக்கு, தெரிவது 2 ஓம். பெரும்பாலான கார் செட்டுகள் 4 ஓமுக்குக் குறையாமல் ஓடத்தான் வடிவமைக்கப்பட்டவை, தடை குறைந்தால் மின்சாரம் அதிகமாக ஓடிச் சூடாகிவிடும். செங்கல்பட்டு தாண்டும்போது செட் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது, கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்தது. ஆறியதும் பாடும், மறுபடி அணையும். கடைக்குத் திரும்பப் போனபோது, “பழைய வண்டின்னா அப்படித்தான்” என்று பதில் வந்தது. வண்டியின் வயதுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த இணைப்பைப் புது வண்டியில் கொடுத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

அப்புறம்தான் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனேன். சென்னையில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஜிபி ரோடு தெரியாமல் இருக்காது. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரிசையாகக் கார் அலங்காரக் கடைகள். சீட் கவர், சன் ஃபிலிம், ஸ்பீக்கர் எல்லாம் அங்கேதான். பல கடைகளில் வண்டியைப் பார்க்காமலே விலை சொன்னார்கள். ஒரு சின்னக் கடையில் மட்டும் வேலை செய்யும் தம்பி வெளியே வந்து, பின் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். வீணைப் பெட்டி எங்கே இருக்கும், எத்தனை பேர் உட்காருவீர்கள், என்ன மாதிரிப் பாட்டு கேட்பீர்கள் என்று கேட்டார். வேலையை அவரிடமே கொடுத்தேன்.

மற்ற கடைகளில் எல்லோரும் சொன்னது ஓவல் ஸ்பீக்கர், அதாவது 6க்கு 9 அங்குலம். பின்னால் குறுக்கே ஒரு ப்ளைவுட் பலகை அடித்து அதில் மாட்டலாம் என்றார்கள். இந்தத் தம்பி, “அம்மா, இந்த வண்டியில டிக்கி தனியா கிடையாது. ஓவல் போட்டா காசு தண்டம்” என்றார். காரணத்தையும் சொன்னார். செடான் காரில் பின் தட்டுக்குக் கீழே டிக்கி மூடிய பெட்டியாக இருக்கிறது. ஸ்பீக்கரின் முன்பக்கத்து ஒலி காருக்குள் வரும், பின்பக்கத்து ஒலி டிக்கிக்குள் அடங்கிவிடும். வேகனில் பலகைக்கு மேலும் கீழும் ஒரே காற்று. முன்னொலியும் பின்னொலியும் சந்தித்து ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், கீழ்ஸ்தாயி அங்கேயே செத்துவிடும். பின் தூணிலோ, மேலே திறக்கும் பின் கதவிலோ ஸ்பீக்கர் வைக்கவும் அவர் சம்மதிக்கவில்லை. பின் சீட்டில் இருப்பவரின் பிடரிக்குப் பின்னாலிருந்து பாடகர் பாடுவது போல ஆகிவிடும். அதோடு, திறந்து மூடும் கதவின் ரப்பர் குழாய்க்குள் ஒயர் மடங்கி மடங்கி, வயதான வண்டியில் அறுந்துபோவது சகஜம்.

கடைசியில் முடிவானது இது. முன் கதவு ஸ்பீக்கர்கள் நல்ல நிலையில் இருந்ததால் அப்படியே. பின் கதவுகளில் ஜேபிஎல் கோஆக்ஸியல் (பெரிய கூம்பின் நடுவிலேயே சின்ன ட்வீட்டர் உள்ள வகை) ஒரு ஜோடி. இந்த நான்கு கதவு ஸ்பீக்கர்களையும் ஓட்ட 4 சேனல் ஆம்ப்ளிஃபயர், சேனலுக்கு 50 வாட் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய அளவு. ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே பயனியரின் தட்டையான சப்ஊஃபர் (கீழ்ஸ்தாயிக்கென்றே உள்ள ஸ்பீக்கர்), உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ள வகை. செட்டின் மேல் 50 வாட் பெருக்கல் நாலு என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து ஆம்ப்ளிஃபயர் எதற்கு என்று நினைக்கவேண்டாம். அது உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடியது பொதுவாக 20 வாட்டை ஒட்டித்தான் இருக்கும்.

ஆம்ப்ளிஃபயரைப் பின் சீட்டின் முதுகில் மாட்டுவதுதான் வழக்கம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வீணையில் மேளம் கட்டியிருப்பது, அதாவது ஸ்வரங்களுக்கான மெட்டுகளைப் பதித்திருப்பது, மெழுகில். வெயிலில் நிற்கும் காரிலேயே அது இளகிவிடுமோ என்று பயந்துகொண்டிருக்கிறேன், அதற்குப் பக்கத்தில் சூடாகும் பெட்டியை எப்படி வைப்பது? தம்பி மறுபேச்சில்லாமல் பக்கத்து சீட்டுக்குக் கீழே அளவெடுத்து, காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டு மாட்டினார். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, ஒயர் எங்கும் சிக்கவில்லை என்று காட்டிய பிறகே அடுத்த வேலைக்குப் போனார்.

கதவு வேலையைத்தான் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பழைய டாடா வண்டியில் கதவு அட்டையைக் கழற்றினால் பிளாஸ்டிக் கிளிப்புகள் உடையும். அவர் முன்கூட்டியே புதுக் கிளிப்புகள் வாங்கி வைத்திருந்தார். கண்ணாடியை முழுக்க இறக்கிவைத்து, ஸ்பீக்கரின் காந்தம் கண்ணாடியில் இடிக்குமா என்று பார்த்தார். இடிக்கும்போல இருந்ததால் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையில் வளையம் வெட்டி, ஸ்பீக்கரைக் கொஞ்சம் வெளியே தள்ளினார். எம்டிஎஃப் தண்ணீர் பட்டால் ஊதிவிடும், மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அதனால் வளையம் முழுக்க வார்னிஷ் அடித்துக் காயவைத்தார். வெளித்தகட்டில் பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டி, உள்தகட்டில் இருந்த பெரிய ஓட்டைகளையும் அதே ஷீட்டால் மூடினார். நான்கு கதவுக்கும் இதைச் செய்யச் சொன்னேன். புது ஸ்பீக்கர் மாட்டாத முன் கதவுகளில்கூட இந்த ஒட்டு வேலைக்குப் பிறகு கிடைத்த வித்தியாசம் பெரிது. முன்பு கதவை மூடினால் தகரச் சத்தம், இப்போது தப் என்று கனமாக மூடுகிறது. ஸ்பீக்கரின் பின்னொலி கதவுக்குள்ளேயே அடைபடுவதால் மிருதங்கத்துக்கு உடம்பு வந்திருக்கிறது. பட்ஜெட் இடித்தால் சப்ஊஃபரைத் தள்ளிப்போடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மின்சார வேலையில் நான் கவனித்தவை சில. பேட்டரியிலிருந்து வரும் ஒயரில் ஒன்றரை அடிக்குள்ளேயே ஃபியூஸ் வைத்தார். ஒயர் எங்காவது உராய்ந்து பாடியில் பட்டால் தீ பிடிக்காமல் காப்பது அந்த ஃபியூஸ்தான். ஒயர் சுத்தச் செம்பு. விலை குறைந்த கிட்டுகளில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியிருக்கும், அதே தடிமனில் குறைந்த மின்சாரமே தாங்கும். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் முடுக்கினார். பவர் ஒயர் ஒரு பக்கம், சிக்னல் போகும் ஆர்சிஏ ஒயர் மறுபக்கம் கொண்டுபோனார். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கீ என்று ஒரு சுருதி ஏறும். தம்புரா கேட்டுப் பழகிய காதுக்கு அதைவிடத் தொல்லை வேறில்லை. ஒவ்வொரு ஸ்பீக்கரையும் ஒரு பென்சில் பேட்டரியால் தொட்டு, கூம்பு வெளியே தள்ளுகிறதா என்றும் பார்த்தார். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் கீழ்ஸ்தாயி கரைந்துவிடும்.

கடைசியாக, போனிலிருந்து 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒற்றை ஸ்வரம் ஒன்றைப் போட்டுவிட்டு, வண்டியைச் சுற்றி நடந்து எது அதிர்கிறது என்று கண்டுபிடித்தார். பின் நம்பர் பிளேட், ஜாக்கி, மேலே திறக்கும் பின் கதவு, மூன்றும் அதிர்ந்தன. பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம் ஒட்டி, ஜாக்கியைத் துணியில் சுற்றி, அந்தப் பின் கதவின் ரப்பர் முட்டுகளை வெளியே திருகி இறுக்கினார். இதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

ஒலி எப்படி? கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாமல் வெட்டி, அதற்குக் கீழே உள்ளதை சப்ஊஃபருக்குக் கொடுத்திருக்கிறார். அனுமந்தரத் தந்தியை மீட்டினால் அந்த ஒலி இப்போது தொடையில் தெரிகிறது. கமகம் மந்தர ஸ்தாயிக்கு இறங்கும்போது முன்பு கேட்காத அசைவுகள் கேட்கின்றன. பின் ஸ்பீக்கர்களின் அளவை முன்னதைவிடக் குறைத்தே வைத்திருக்கிறோம். கச்சேரி முன்னாலிருந்து வரவேண்டும், பின்னால் இருப்பவர்களுக்கு வார்த்தை தெளிவாக விழவேண்டும், அவ்வளவுதான் அவற்றின் வேலை. ஈசிஆரில் வேகமாகப் போகும்போதும் பிள்ளைகள் பின்னாலிருந்து சாஹித்யத்தைக் கூடவே பாடிக்கொண்டு வருகிறார்கள்.

சீட்டுக்கடியில் வைக்கும் சப்ஊஃபருக்கு எல்லை உண்டு. 10 அங்குலப் பெட்டி தரும் இடி இதில் வராது. சினிமாப் பாட்டுக்கு அந்த இடி வேண்டும் என்பவர்கள் பின்னால் பெட்டி வைக்கத்தான் வேண்டும், சாமான் வைக்கும் இடம் போகும். இன்னொன்று, வேகனின் பின்பக்கம் காலியாக இருந்தால் கண்ணாடியிலும் தகட்டிலும் பட்டு ஒலி எதிரொலிக்கிறது. ஒரு பவானி ஜமக்காளத்தை மடித்துப் போட்ட பிறகு நன்றாகவே அடங்கியது. வீணை உள்ளே இருக்கும்போது பாஸைக் குறைத்துவிடுகிறேன். அதே சுருதியில் பாட்டு ஓடினால் தந்திகள் தாமாக முனகுகின்றன.

செலவு: ஆம்ப்ளிஃபயர் 9,500, பின் ஸ்பீக்கர் ஜோடி 3,200, சப்ஊஃபர் 12,000, ஒயர் கிட் 2,500, நான்கு கதவுக்கு ஷீட் 5,000, கூலி 3,500. மொத்தம் 35,700 ரூபாய். இந்த வண்டிக்கு இன்று கிடைக்கும் விலையோடு ஒப்பிட்டால் அதிகம் என்று தோன்றலாம். விற்காத வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தவிர, ஆம்ப்ளிஃபயரையும் சப்ஊஃபரையும் அடுத்த வண்டிக்குக் கழற்றிக்கொள்ளலாம்.

ஜிபி ரோட்டுக்குப் போகிறவர்களுக்கு: கடை திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். ஒரு மணி நேரத்தில் முடித்துத்தருகிறேன் என்பவரிடம் கதவைக் கழற்றவே விடாதீர்கள். நீங்கள் வழக்கமாகக் கேட்கும் பாட்டைப் போனில் கொண்டுபோய், இன்ஜினை ஓடவிட்டு, பின் சீட்டில் நீங்களே உட்கார்ந்து கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். பில்லில் ஆம்ப்ளிஃபயரின் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள், வாரண்டிக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள்.